கோடை விடுமுறையில் ஆய்வகம்: உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சிக்கு இளநிலை மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"இந்தக் கோடையில் எங்காவது ஆய்வுப் பயிற்சி கிடைக்குமா?" என்று ஏப்ரல் மாதத்தில் கேட்கும் மாணவர்களுக்கு உருப்படியான பதில் சொல்வது கடினம். நாட்டின் நல்ல திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பக் கதவு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் மூடிவிடுகிறது. திறமை இருந்தும் தேதி தெரியாமல் வாய்ப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் சிறு ஊர்க் கல்லூரிகளில் படிப்பவர்கள்தான். சொல்லிக்கொடுக்க அண்ணனோ அக்காளோ இல்லாதவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பி.எஸ்ஸி. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், விலங்கியல் படிப்பவர்கள், பி.டெக். உயிரித்தொழில்நுட்ப மாணவர்கள், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் ஆகிய எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கும்.

என் கருத்து ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் இருக்கிறது என்பதைவிட, எந்தக் கேள்வியின்மேல் யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதே பின்னாளில் உதவும். கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

1. காலண்டரைக் கையில் எடுங்கள்

வேலை ஜூலையில் தொடங்க வேண்டும். அடுத்த கோடைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கட்டுரைகள் படித்து, எந்தத் துறையில் மனம் ஊன்றுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் அறிவியல் கழகங்களின் விண்ணப்பம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தனித்தனி நிறுவனங்களின் அறிவிப்புகளும், பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதும் கடிதங்களும். முடிவுகள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சிறிது சிறிதாக வரும்.

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். சென்ற ஆண்டு மூத்த மாணவர் சொன்ன தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேராகப் பாருங்கள். பெங்களூரிலிருந்து இயங்கும் இந்தியா பயோசயன்ஸ் என்ற அமைப்பின் தளத்தில் உயிரியல் துறை அறிவிப்புகள் தொகுத்து வருகின்றன. வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் பழக்கம் நல்லது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வு மே மாதம் முழுவதும் நீளும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கோ நீண்ட கோடை விடுமுறை என்பதே கிடையாது. விண்ணப்பத்தில் மே முதல் தேதியில் சேர்வதாக எழுதிவிட்டு, பிறகு வழிகாட்டியிடம் தேர்வு இருக்கிறது என்று சொன்னால் மதிப்புக் குறையும். தேர்வு அட்டவணையை முன்கூட்டியே சொல்லி, ஜூன், ஜூலை மாதங்களைக் கேளுங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

2. எந்தத் திட்டம் யாருக்கு

முதலில் பார்க்க வேண்டியது மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், புதுதில்லியின் இந்திய தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் ஒரே விண்ணப்பத்தின் வழியாக மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, நாடெங்கும் உள்ள விஞ்ஞானிகளிடம் இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. மதிப்பெண், ஓர் ஆசிரியரின் பரிந்துரை, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் குறிப்பு ஆகியவற்றை வைத்தே தேர்வு நடக்கிறது. நுழைவுத் தேர்வு இல்லை. இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது: இந்தத் திட்டத்துக்குக் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் துறை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு கோடை போய்வந்தால் உங்கள் கல்லூரி ஆய்வகமே மாறக்கூடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்து, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 ரூபாய் கோடை ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்ட தொகை. அதைப் பெற, ஒரு வழிகாட்டியின்கீழ் கோடை ஆய்வை முடித்து அறிக்கை தர வேண்டும். பலர் இதை ஒரு சடங்காக முடித்து, சொந்தக் கல்லூரியிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உங்கள் பெயரில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லி வெளி ஆய்வகங்களில் இடம் கேளுங்கள். உதவித்தொகை தர வழியில்லாத பேராசிரியர்கூட அப்போது யோசிப்பார்.

பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகிறது. ஐசர்கள் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவையும் அப்படியே. எந்த ஆண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் என்று இருக்கும் இடங்களும் உண்டு. தகுதிப் பத்தியைப் படித்த பிறகே மற்ற வேலை.

தொலைவில்தான் நல்ல ஆய்வு நடக்கிறது என்று எண்ண வேண்டாம். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோயாளிகளைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்துக்கொள்பவர்களும் அதே அளவுக்குக் குணமடைகிறார்கள் என்று 1959இல் காட்டியது இந்த மையம்தான். அடுக்குமாடிகளும் குடிசைகளும் நிறைந்த நம் நகரத்தில் செய்த ஆய்வு உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அதே சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் அடையாறு புற்றுநோய் நிலையமும் தரமணி கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. தரமணியில் கணினிவழி உயிரியல் செய்பவர்கள் உண்டு. வேலூரில் சி.எம்.சி., மதுரையில் அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சி மையமும் காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறைகளும், புதுச்சேரியில் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையமும் உள்ளன. கொஞ்சம் தள்ளிப் போனால் திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையம், ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சி.சி.எம்.பி.), பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.), இந்திய அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.எஸ்ஸி.), மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். இவற்றுள் பல இடங்களில் முறையான கோடைத் திட்டம் இல்லாவிட்டாலும், பேராசிரியர் விரும்பினால் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ள வழி உண்டு.

3. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு: ஐ.சி.எம்.ஆரின் குறுகியகால ஆய்வு உதவித்தொகை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும், எஸ்.டி.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் இந்தத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. மருத்துவ மாணவர் இரண்டு மாத ஆய்வு ஒன்றைத் தானே திட்டமிட்டு, தன் கல்லூரிப் பேராசிரியரின் வழிகாட்டலில் செய்துமுடித்து, அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் 50,000 ரூபாயும் சான்றிதழும் வரும். பணம் கடைசியில்தான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் விண்ணப்பிக்க முடியாது. ஆயுர்வேதம் படிப்பவர்களுக்கு இதே போன்று ஸ்பார்க் என்ற திட்டம் உண்டு.

இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் தலைப்பை மிகப் பெரியதாக எடுத்தவர்கள்தான். இரண்டு மாதத்தில் முடியுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தே தலைப்பை முடிவு செய்ய வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேர் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை என்று அறிய விரும்புகிறீர்கள். முந்தைய ஆய்வு ஒன்று 20 சதவீதம் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விடை 5 சதவீதப் புள்ளி முன்பின்னாக இருக்கலாம் என்று வைத்தால், மாதிரி அளவுக்கு மருத்துவக் கல்லூரிகளில் எல்லோரும் போடும் கணக்கு இது: நான்கை 20ஆலும் 80ஆலும் பெருக்கி, ஐந்தின் வர்க்கமான 25ஆல் வகுக்க வேண்டும். விடை 256. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று சேர்த்தால் ஏறத்தாழ 285 பேர்.

இப்போது புறநோயாளிப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். நீரிழிவுப் பிரிவு வாரத்தில் மூன்று நாள் நடக்கிறது என்றால், எட்டு வாரத்தில் 24 நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரிடம் பேச வேண்டும். ஒருவரிடம் ஒப்புதல் வாங்கி, தமிழில் கேள்விகளைக் கேட்டு, விடைகளைப் பதிவு செய்ய இருபது நிமிடம் ஆகும். நான்கு மணி நேரம். வகுப்பும் வார்டும் இருக்கும் மாணவரால் நான்கு மணி நேரம் அங்கே நிற்க முடியுமா? முடியாது என்றால் கேள்வித்தாளைச் சுருக்குங்கள், அல்லது வேறு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பத்தில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டும் மாணவரை மதிப்பீட்டாளர் கட்டாயம் கவனிப்பார்.

அடுத்தது நெறிமுறைக் குழு. மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்பதாக இருந்தாலும், மருத்துவப் பதிவேட்டைப் புரட்டுவதாக இருந்தாலும், கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் போகாமல் தொடங்கக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியில் ஒப்புதல் பற்றிய பகுதியையாவது முழுதாகப் படியுங்கள். குழு அடிக்கடி கூடாது என்பதால், அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைக் கவனமாக எழுதுங்கள். நோயாளிக்கு விளங்காத மொழியில் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. படிவத்தை முதலில் உங்கள் பாட்டியிடம் படித்துக் காட்டி, அவருக்கு எது புரியவில்லை என்று பாருங்கள்.

4. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது உயிரியின் வேகத்தைப் பாருங்கள்

சோதனைக்கூட ஆய்வில் சேர விரும்புபவர்கள் தலைப்பின் கவர்ச்சியில் மயங்கி, காலத்தை மறந்துவிடுகிறார்கள். எட்டு வாரத்தில் எதைச் செய்யலாம் என்பதை நீங்கள் ஆராயப்போகும் உயிரியின் வேகமே தீர்மானிக்கிறது.

ஈ.கோலை பாக்டீரியா நல்ல ஊட்டத்தில், 37 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மாலையில் விதைத்தால் காலையில் தட்டில் புள்ளிகள் தெரியும். காசநோய்க் கிருமிக்கு ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும். தட்டில் புள்ளி தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதோடு, அதைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. இரண்டு மாதத்துக்கு வரும் இளநிலை மாணவரை அங்கே விட மாட்டார்கள், விடவும் கூடாது. அதனால்தான் காசநோய் ஆய்வகங்களில் மாணவர்களுக்கு ஸ்மெக்மாடிஸ் என்ற தீங்கற்ற உறவுக்காரக் கிருமியைக் கொடுக்கிறார்கள். அது மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும். இது தெரியாமல், காசநோய்க் கிருமியில்தான் வேலை செய்வேன் என்று விண்ணப்பத்தில் எழுதினால், நீங்கள் அந்த ஆய்வகத்தைப் பற்றி விசாரிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

பழ ஈ முட்டையிலிருந்து முதிர்ந்த ஈயாகப் பத்து நாள் எடுக்கும். இரண்டு மாதத்தில் நான்கைந்து தலைமுறை பார்க்கலாம், கலப்பினச் சோதனை செய்யலாம். எலிகான்ஸ் என்ற நுண்புழுவுக்கு மூன்று நாள் போதும். எலியிலோ வரிக்குதிரை மீனிலோ புதிய மரபு வகையை உருவாக்கிப் பார்க்க ஒரு கோடை போதாது. ஆனால் அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே சேகரித்து வைத்திருக்கும் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணும் வேலை முடியும். மீன் முட்டைகளில் முதல் சில நாள் வளர்ச்சியைப் பார்ப்பதும் முடியும்.

கல்லூரியில் கருவிகளே இல்லை என்று கவலைப்படுபவர்கள் கணினிவழி ஆய்வை இரண்டாந்தரமாக எண்ண வேண்டாம். மரபணு வரிசைகளும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளும் உலகம் முழுக்க இலவசமாகத் திறந்துகிடக்கின்றன. ஆர், பைத்தான் என்ற இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றையாவது கற்றுக்கொண்டு, கேலக்ஸி என்ற இலவசத் தளத்தின் பயிற்சிப் பாடங்களைச் செய்துபார்த்த மாணவருக்கு, ஈர ஆய்வகங்கள் எனப்படும், கையால் சோதனை செய்யும் ஆய்வகங்களில்கூடத் தனி மதிப்பு உண்டு. நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ண இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை விடுமுறைக்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ளலாம்.

5. பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

வழிகாட்டியைத் தேடும் முறை: உயிர்மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் உங்கள் கேள்வியின் முக்கியச் சொற்களோடு நகரத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கடந்த மூன்று ஆண்டுக் கட்டுரைகளின் கடைசி ஆசிரியர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆய்வகத் தலைவர் அவர்தான். இந்தியா அலையன்ஸ், ராமலிங்கசுவாமி போன்ற நிதியுதவி பெற்ற இளம் விஞ்ஞானிகளின் பட்டியல்களையும் பாருங்கள். புதிதாக ஆய்வகம் தொடங்கியவருக்கு ஆட்கள் தேவை. அவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். பெரிய பெயர் கொண்ட ஆய்வகத்தில் நீங்கள் அவரைப் பார்ப்பதே அரிதாக இருக்கலாம். என்னைக் கேட்டால் முதல் கோடைக்கு இளம் விஞ்ஞானியின் சிறிய ஆய்வகமே சிறந்தது.

ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். பெறுபவருக்கு அது தெரியும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்து எழுதுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் போனாலும், அதில் இருக்க வேண்டிய செய்தி இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருந்துக்கு அடங்காத மைக்கோபாக்டீரியா பற்றிய உங்கள் அண்மைக் கட்டுரையைப் படித்தேன். மூன்றாம் படத்தில் ரிஃபாம்பிசின் கொடுத்த பிறகும் ஒரு சிறு பகுதி உயிரோடு இருப்பது தெரிகிறது. அந்தச் செல்கள் மருந்தை வெளியே தள்ளுகின்றனவா, வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றனவா என்பதை எப்படிப் பிரித்தறியலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் உங்கள் ஆய்வகத்தில் பயிற்சி பெற இடம் இருக்குமா? தட்டில் எண்ணுதல், நீர்த்தல் வரிசை, கிராம் சாயம் ஆகியவற்றைக் கல்லூரியில் செய்திருக்கிறேன். பிசிஆர் செய்ததில்லை. என் ஒரு பக்க விவரக்குறிப்பை இணைத்திருக்கிறேன்."

செய்ததில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லும் அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதிய மாணவரைவிட, தெரியாது என்று சொன்னவரை நம்பி ஆய்வகத்தின் சாவியைக் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பதில் வராததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு இப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன.

6. குறிப்பும் பரிந்துரையும்

விண்ணப்பக் குறிப்பில் "சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் வரியை அடித்துவிடுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக நீங்கள் கையால் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். "கல்லூரி ஆய்வகத்தில் ஈ.கோலையின் வளர்ச்சி வளைவை வரைந்தபோது, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கிருமிகள் வளரத் தொடங்க மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்தன. அந்தத் தயக்க நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஆர்வம் தெரிகிறது.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரையோ முதல்வரையோ தேடி ஓட வேண்டாம். செய்முறை வகுப்பில் உங்களைப் பார்த்த ஆசிரியரே பொருத்தமானவர். இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். நீங்கள் எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அவருடைய வகுப்பில் என்ன செய்தீர்கள், கடைசி நாள் எது என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அப்போது அந்த அரைப்பக்கத்தைக் காட்டி, "ஐயா, உங்கள் வார்த்தையில் நான்கு வரி எழுதினால் போதும்" என்று பணிவோடு கேளுங்கள். பலர் எழுதிவிடுவார்கள்.

போனஃபைட் சான்றிதழும் கல்லூரியின் தடையின்மைச் சான்றும் இதோடு தேவைப்படும். மார்ச்சிலேயே வாங்கிவிடுங்கள்.

7. வெளிநாடு

முதலில் நேரத்தை மிச்சப்படுத்தும் செய்தி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நடத்தும் கோடைத் திட்டமும், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் இளநிலை ஆய்வுத் திட்டங்களும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க முடியாது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ அவை மிகச் சிறந்த வாய்ப்புகள்.

இந்திய மாணவர்கள் பார்க்கக்கூடியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி. ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் பெறுகிறார்கள். விமானச் செலவும் தங்குமிடமும் தருகிறார்கள். வியன்னாவில் உள்ள உயிரியல் மையத்தின் கோடைப் பள்ளிக்கு உலகெங்கிலுமிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி பொதுவாக ஜனவரி இறுதியில் வரும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் வைஸ் உதவித்தொகைக்கு, ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை முதலில் நீங்களே பெற வேண்டும். அதோடு குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டுமே அது திறந்திருக்கிறது. 1968இல் நோபல் பரிசு பெற்ற ஹர் கோவிந்த் கொரானாவின் பெயரிலும் இந்திய மாணவர்களை அமெரிக்க ஆய்வகங்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கு விண்ணப்பிப்பதானாலும் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவைத்துவிடுங்கள்.

8. பணம் கேட்கும் இடங்கள்

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. "ஒரு மாத உயிரித்தொழில்நுட்பப் பயிற்சி, சான்றிதழ் உறுதி" என்று விளம்பரம் செய்து, ஏழைப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் வாங்கும் தனியார் மையங்கள் நம் நகரங்களில் நிறைய இருக்கின்றன. முப்பது பேர் சுற்றி நிற்க, ஒருவர் ஜெல் ஓட்டி, அதாவது டி.என்.ஏ.வை மின்னோட்டத்தால் பிரித்து, காட்டுவதைப் பார்த்துவிட்டு வருவது ஆய்வு ஆகாது. அந்தச் சான்றிதழை எந்த நல்ல ஆய்வகமும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் பணம் கேட்கும் எல்லா இடமும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. சில அரசு நிறுவனங்களே மாணவர் பயன்படுத்தும் வேதிப்பொருளுக்காக ஒரு கட்டணம் வாங்குகின்றன. வேறுபாட்டை அறிய மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கென்று தனிக் கேள்வி இருக்குமா? என் வழிகாட்டி யார், அவர் அண்மையில் என்ன வெளியிட்டிருக்கிறார்? கட்டணத்துக்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது தருவார்களா? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்திருங்கள்.

9. கிளம்புவதற்கு முன்

மனித ரத்தத்தையோ திசுவையோ தொடும் வேலை என்றால், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. நவம்பரில் தொடங்கினால்தான் மே மாதத்தில் முடியும். விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பைப்பெட் பிடிக்கப் பழகுங்கள். கல்லூரியில் ஒரு பைப்பெட்டும் ஒரு நுண்தராசும் இருந்தால் போதும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடுத்துத் தராசில் விடுங்கள். 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை செய்து, பத்து எண்களையும் எழுதிப் பாருங்கள். எண்கள் சிதறினால் உங்கள் கட்டைவிரல் அவசரப்படுகிறது. மெல்ல இழுத்து, மெல்ல விடுங்கள். இதோடு நீர்த்தல் கணக்கும். 1 மோலார் கரைசலிலிருந்து 50 மில்லிமோலாரில் 100 மில்லிலிட்டர் தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டால், காகிதம் இல்லாமல் 5 மில்லிலிட்டர் என்று சொல்ல வர வேண்டும்.

தங்குமிடம் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நிறுவன ஹாஸ்டலில் இடம் உண்டா, இரவு எத்தனை மணி வரை ஆய்வகத்தில் இருக்க வேண்டியிருக்கும், திரும்பிவர வண்டி உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். உதவித்தொகை முதல் மாதத்தில் கைக்கு வராது என்று எண்ணிச் செலவுக்கு வழி செய்துகொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்க, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவியும் அதை அணுகலாம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை முதல் நாளிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

10. எட்டு வாரங்கள்

முதல் வாரம் பார்ப்பதிலும் கேட்பதிலும் போகும். அந்த வாரக் கடைசிக்குள் வழிகாட்டியிடமோ, உங்களைப் பார்த்துக்கொள்ளும் பிஎச்.டி. மாணவரிடமோ உட்கார்ந்து, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். நடைமுறையில் உங்கள் ஆசிரியர் அந்த பிஎச்.டி. அண்ணனோ அக்காளோதான். அவர்களுடைய நேரம் அவர்களுடைய ஆய்வேட்டுக்கு உரியது என்பதை மறவாமல், கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒருமுறையில் கேளுங்கள்.

குறிப்பேடு தைத்த நோட்டாக இருக்கட்டும். பக்க எண் போடுங்கள், தேதி போடுங்கள், பேனாவில் எழுதுங்கள். தவறை ஒற்றைக் கோட்டால் அடியுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். எந்த நிறுவனத்தின் எந்தத் தொகுதி எண் கொண்ட வேதிப்பொருள் என்பதையும் எழுதுங்கள். ஆறாம் வாரத்தில் திடீரென்று சோதனை பலிக்காமல் போனால், புதுப் பாட்டில் திறந்த நாள் எது என்று அந்தக் குறிப்புதான் சொல்லும்.

சோதனை பலிக்காமல் போவது ஆய்வகத்தின் அன்றாடம். பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பல மடங்காக நகலெடுக்கும் முறை) செய்து ஜெல்லில் எதுவும் தெரியவில்லை என்றால், பலிக்கும் என்று முன்பே தெரிந்த டி.என்.ஏ.வை வைத்த குழாயைப் பாருங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் சிக்கல் கலவையிலோ கருவியிலோ இருக்கிறது. அதில் தெரிந்தால் சிக்கல் உங்கள் மாதிரியில். டி.என்.ஏ.வே சேர்க்காத குழாயில் பட்டை தெரிந்தால் எங்கோ கலப்படம் நேர்ந்திருக்கிறது, அன்றைய முடிவுகள் எதையும் நம்பக் கூடாது. இந்த இரண்டு கட்டுப்பாட்டுக் குழாய்களையும் மிச்சம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொதுவான தவறு, ஒரே குழாயிலிருந்து மூன்று முறை அளந்துவிட்டு மூன்று முறை சோதனை செய்ததாகச் சொல்வது. அது உங்கள் அளவீடு எவ்வளவு நிலையானது என்பதை மட்டும் காட்டும். உயிரி அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று அறிய, வேறு வேறு நாளில் புதிதாக வளர்த்து மூன்று முறை செய்ய வேண்டும். காலத்தைத் திட்டமிடும்போது இதற்கு இடம் விடுங்கள்.

ஆறாம் வாரத்துக்குப் பிறகு புதிய சோதனை எதையும் தொடங்க வேண்டாம். ஏழாம் வாரம் விட்டுப்போனவற்றைத் திரும்பச் செய்வதற்கு. எட்டாம் வாரம் எழுதுவதற்கும் ஆய்வகக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவதற்கும். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் வந்ததை அப்படியே எழுதுங்கள். ஒரு புள்ளியைக்கூட அழகுக்காக நீக்கக் கூடாது. நீக்க வேண்டிய காரணம் இருந்தால் அந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

11. முடித்த பிறகு

கிளம்பும் முன் உங்கள் மாதிரிகள் எந்தக் குளிர்ப்பெட்டியில், எந்த அடுக்கில், என்ன பெயரில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூலக் குறிப்பேடு ஆய்வகத்துக்குச் சொந்தம். அனுமதி பெற்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களையும் தரவுகளையும் வழிகாட்டியைக் கேட்காமல் வெளியே பகிராதீர்கள். கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்ற கேள்வியை மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம். "என் சோதனைகள் கட்டுரையில் சேர்ந்தால் என் பங்கு எப்படிக் குறிக்கப்படும்?" என்று நேராகவும் பணிவாகவும் கேட்கலாம். இரண்டு மாத வேலைக்குப் பெரும்பாலும் நன்றியுரையில்தான் இடம் கிடைக்கும். அதுவும் நியாயமானதே.

உதவித்தொகைத் திட்டம் கேட்கும் இறுதி அறிக்கையை ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். கல்லூரி திறந்துவிட்டால் அது தள்ளிப்போகும், எஸ்.டி.எஸ். போன்ற திட்டங்களில் பணமும் சான்றிதழும் அதோடு தள்ளிப்போகும். பிறகு வரும் செப்டம்பரில் வழிகாட்டிக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்: இப்போது என்ன படிக்கிறீர்கள், உங்கள் சோதனையை யாராவது தொடர்ந்தார்களா என்று. முதுநிலைப் படிப்புக்கோ பிஎச்.டி.க்கோ பரிந்துரை கேட்க நேரும்போது, உங்கள் முகமும் உங்கள் ஜெல் படமும் அவருக்கு நினைவிருக்கும்.